வலையமைப்புக் கோப்புப் பகிர்வில் வேகக் குறைவு

வலையமைப்புக் கோப்புப் பகிர்வில் வேகக் குறைவு என்பது, ஒரு கணினிக்கும் வலையமைப்பு வழியாகப் பகிரப்பட்ட வட்டுக்கும் இடையே கோப்புகளை நகலெடுக்கும்போது, இணைப்பின் திறனுக்கேற்ற வேகம் கிடைக்காத நிலையைக் குறிக்கும். அலுவலகங்களில் இயங்கும் கோப்பு வழங்கிகளிலும், வீடுகளில் பயன்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிகளிலும் பரவலாகக் காணப்படும் சிக்கல்களுள் இதுவும் ஒன்றாகும்.

இச்சிக்கலுக்குத் தனியொரு காரணம் இல்லை. வட்டு, செயலி, வடம், சுவிட்சு, நெறிமுறை எனப் பல படிகளைக் கடந்தே ஒரு கோப்பு மறுமுனையை அடைகிறது. அவற்றுள் மிக மெதுவான படியே மொத்த வேகத்தை முடிவு செய்கிறது. எனவே ஒவ்வொரு படியையும் தனித்தனியே அளந்து பார்ப்பதே காரணத்தைக் கண்டறியும் நம்பகமான முறையாகும். அளக்காமல் அமைப்புகளை மாற்றினால் வேகம் கூடாமல் போவதோடு, சில வேளைகளில் தரவு இழப்புக்கும் பாதுகாப்புக் குறைபாட்டுக்கும் அது வழிவகுக்கும்.

பின்னணி

கோப்புப் பகிர்வுக்கு மிகுதியாகப் பயன்படும் நெறிமுறை செர்வர் மெசேஜ் பிளாக் (சுருக்கமாக எஸ்எம்பி) ஆகும். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் இதனை வடிவமைத்தார். பின்னர் மைக்ரோசாப்ட் இதனை விரிவாக்கித் தன் இயங்குதளங்களில் சேர்த்துக்கொண்டது. யுனிக்ஸ் உலகில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் வெளியிட்ட நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம் (என்எஃப்எஸ்) இதே பணியைச் செய்கிறது. ஆப்பிள் நிறுவனம் நெடுங்காலம் தனக்கென ஒரு நெறிமுறையைப் பயன்படுத்தியது. 2013இல் வெளியான மேவரிக்ஸ் பதிப்பில் எஸ்எம்பியின் இரண்டாம் பதிப்பை இயல்புநிலையாக்கியது.

லினக்சு முதலிய இயங்குதளங்களில் எஸ்எம்பி சேவையை வழங்கும் கட்டற்ற மென்பொருள் சம்பா ஆகும். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆண்ட்ரூ டிரிட்ஜெல் இதன் முதல் வடிவத்தை 1992 சனவரியில் வெளியிட்டார். வலையமைப்பில் சென்ற தரவுப் பொதிகளை உற்றுநோக்கியே அவர் நெறிமுறையின் இயக்கத்தை அறிந்துகொண்டார். கடைகளில் விற்கப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றின் உள்ளே இயங்குவது லினக்சும் சம்பாவுமே ஆகும்.

எஸ்எம்பி உருவான காலத்தில், ஒரே கட்டடத்துக்குள் சில கணினிகள் குறுகிய வடத்தால் இணைக்கப்பட்டிருந்தன. ஒரு கட்டளையை அனுப்பி, அதற்கு மறுமொழி வந்தபின் அடுத்ததை அனுப்புவது அச்சூழலில் குறையாகத் தெரியவில்லை. நகரங்களுக்கிடையே இதே நெறிமுறை பயன்படத் தொடங்கியபோதுதான் அந்த வடிவமைப்பின் விலை வெளிப்பட்டது.

கோப்பு கடக்கும் படிகள்

ஒரு கோப்பைப் பகிர்வு வட்டுக்கு நகலெடுக்கும்போது பின்வரும் படிகள் நிகழ்கின்றன:

1. அனுப்பும் கணினியின் வட்டிலிருந்து தரவு படிக்கப்படுகிறது. நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் இருப்பின் அது தரவைச் சோதிக்கிறது.
2. நெறிமுறை தரவைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஓர் எழுது கட்டளையுடன் அனுப்புகிறது. தேவைப்படின் கையொப்பமோ மறைகுறியாக்கமோ சேர்க்கப்படுகிறது.
3. டிசிபி அடுக்கு அவற்றைப் பொதிகளாக்கி வலையமைப்பு அட்டைக்கு அளிக்கிறது.
4. பொதிகள் வடம், சுவிட்சு, ரூட்டர் அல்லது கம்பியில்லா இணைப்பு வழியாகச் செல்கின்றன.
5. வழங்கி பொதிகளைப் பெற்றுத் தன் நினைவகத்தில் சேர்க்கிறது.
6. நினைவகத்திலிருந்து தரவு வட்டில் எழுதப்படுகிறது.
7. எழுதியதற்கான மறுமொழி அனுப்பிய கணினிக்குத் திரும்புகிறது.

ஏழாவது படி எளிதில் மறக்கப்படுவதாகும். மறுமொழி வரும்வரை அனுப்பும் கணினி காத்திருக்க நேர்ந்தால், வடம் எவ்வளவு அகன்றதாயினும் பெரும்பகுதி நேரம் வெறுமையாகவே கிடக்கும்.

எதிர்பார்க்கத்தக்க வேகம்

வலையமைப்பின் வேகம் நொடிக்கு இத்தனை பிட்டுகள் எனவும், கோப்பு நகலெடுக்கும் வேகம் நொடிக்கு இத்தனை பைட்டுகள் எனவும் குறிக்கப்படுகின்றன. ஒரு பைட்டு எட்டு பிட்டுகளைக் கொண்டது. எனவே 100 மெகாபிட்டு இணைப்பில் 11 மெகாபைட்டு வேகம் கிடைப்பது குறைபாடு அன்று; அதுவே அவ்விணைப்பின் முழுத்திறன்.

தரவுடன் முகவரி, சரிபார்ப்புக் குறி முதலியனவும் செல்வதால் கணக்கிட்ட உச்சத்தை விடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். வழக்கமான ஈதர்நெட்டில் 1,460 பைட்டு தரவை அனுப்ப, வடத்தில் 1,538 பைட்டுகளுக்குரிய நேரம் செலவாகிறது. இதன்படி ஒரு கிகாபிட்டு இணைப்பின் உச்சம் நொடிக்கு ஏறத்தாழ 118 மெகாபைட்டு ஆகும். பல்வேறு இணைப்புகளில் நல்ல நிலையில் கிடைக்கும் வேகம் வருமாறு (நொடிக்கு மெகாபைட்டில்):

- 100 மெகாபிட்டு ஈதர்நெட்: கணக்கில் 12.5, நடைமுறையில் 11 முதல் 12 வரை
- 1 கிகாபிட்டு ஈதர்நெட்: கணக்கில் 125, நடைமுறையில் 110 முதல் 118 வரை
- 54 மெகாபிட்டு கம்பியில்லா இணைப்பு (802.11ஜி): கணக்கில் 6.75, நடைமுறையில் ஏறத்தாழ 3
- யூஎஸ்பி 2.0 வழி இணைத்த வட்டு: கணக்கில் 60, நடைமுறையில் 30 முதல் 40 வரை

கடைசி வரிக்கு நல்ல எடுத்துக்காட்டு ராசுபெரி பை கணினியாகும். 2018இல் வெளியான அதன் 3பி+ வகையில் கிகாபிட்டு ஈதர்நெட் இருந்தபோதிலும், அது உள்ளே யூஎஸ்பி 2.0 வழியாகவே இணைக்கப்பட்டிருந்தது. எனவே நொடிக்கு ஏறத்தாழ 300 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கவில்லை. 2019இல் வெளியான நான்காம் வகையில் இக்குறை நீங்கியது.

காரணங்கள்

வடமும் இணைப்பு வேகமும்

100 மெகாபிட்டு ஈதர்நெட் வடத்தின் நான்கு கம்பி இணைகளுள் இரண்டை மட்டுமே பயன்படுத்துகிறது. கிகாபிட்டு ஈதர்நெட்டுக்கு நான்கு இணைகளும் தேவை. ஆகவே ஓர் இணை அறுந்தாலோ, செருகியில் சரியாகப் பதியாவிட்டாலோ, இணைப்பு முற்றிலும் நின்றுவிடாமல் பெரும்பாலும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுகிறது. பயனருக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. வேகம் மட்டும் பத்தில் ஒரு பங்காகும். நகலெடுக்கும் வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டு அளவில் அசையாமல் நின்றால் முதலில் ஐயுற வேண்டியது வடத்தையும் பழைய சுவிட்சையுமே.

இருவழி முரண்பாடு

ஒரே நேரத்தில் இரு திசைகளிலும் தரவு செல்வது முழு இருவழி எனவும், மாறிமாறிச் செல்வது அரை இருவழி எனவும் வழங்கும். இரு முனைகளும் தாமாகவே பேசி இதனை முடிவு செய்துகொள்வது வழக்கம். ஒரு முனையில் 100 மெகாபிட்டு முழு இருவழி எனக் கைமுறையாக அமைத்துவிட்டு, மறுமுனையைத் தானியங்கு நிலையில் விட்டால், மறுமுனைக்கு வேகம் தெரியுமேயன்றி இருவழி நிலை தெரியாது. அது விதிப்படி அரை இருவழியைத் தேர்ந்துகொள்ளும். இதனால் மோதல்களும் பழுதான பொதிகளும் பெருகும். சிறிய அளவில் சோதித்தால் இணைப்பு நன்றாகவே தோன்றும். பெரிய கோப்பை அனுப்பும்போது வேகம் சரிந்துவிடும். இரு முனைகளையும் தானியங்கு நிலையில் விடுவதே இதற்குத் தீர்வு.

பெரும் பொதிகள்

ஈதர்நெட் பொதியின் வழக்கமான உச்ச அளவு 1,500 பைட்டு ஆகும். இதனை 9,000 பைட்டாக உயர்த்தினால் கிகாபிட்டு இணைப்பின் உச்சம் ஏறத்தாழ 118 மெகாபைட்டிலிருந்து 124 மெகாபைட்டாகக் கூடும். கிடைக்கும் பயன் இவ்வளவே. ஆனால் வழியிலுள்ள ஒரு கருவி பெரும் பொதிகளை ஏற்காவிடினும் அவை அங்கே கைவிடப்படும். அப்போது பகிர்வு வட்டின் கோப்புப் பட்டியல் தெரியும். கோப்பை நகலெடுக்க முயன்றால் நின்றுவிடும்.

கம்பியில்லா இணைப்பு

கம்பியில்லா வலையமைப்பில் ஒரே அலைவரிசையை எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்கின்றன. அனுப்புவதும் பெறுவதும் மாறிமாறியே நிகழும். எனவே பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் பாதி கிடைப்பதே நல்ல நிலை எனலாம். ஒரு கம்பியில்லாக் கணினியிலிருந்து மற்றொரு கம்பியில்லாக் கணினிக்கு நகலெடுக்கும்போது ஒவ்வொரு பொதியும் அணுகுமுனை வரை ஒருமுறை, அங்கிருந்து ஒருமுறை என இருமுறை காற்றைக் கடப்பதால் வேகம் மேலும் பாதியாகிறது.

தாமதம்

ஒரு பொதி மறுமுனைக்குச் சென்று அதன் மறுமொழி திரும்ப ஆகும் காலம் போய்வரும் நேரம் எனப்படும். எஸ்எம்பியின் முதல் பதிப்பில் ஒரு கட்டளையின் தரவு பெரும்பாலும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. ஒரு துண்டை அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்கும் முறையில், வடத்தின் திறன் எதுவாயினும், தாமதம் மட்டுமே விதிக்கும் உச்ச வேகம் வருமாறு:

- போய்வரும் நேரம் 0.5 மில்லிநொடி (ஒரே கட்டடம்): நொடிக்கு 131 மெகாபைட்டு
- 5 மில்லிநொடி: நொடிக்கு 13 மெகாபைட்டு
- 50 மில்லிநொடி (தொலைவிலுள்ள கிளை அலுவலகம்): நொடிக்கு 1.3 மெகாபைட்டு
- 200 மில்லிநொடி (கண்டங்களுக்கிடையே): நொடிக்கு 0.33 மெகாபைட்டு

இதனால்தான் கிளை அலுவலகத்துக்குக் கூடுதல் கட்டணத்தில் அகன்ற இணைப்பு வாங்கிய பின்னும் கோப்பு நகலெடுக்கும் வேகம் மாறாமல் இருப்பதுண்டு. தாமதத்தின் பெரும்பகுதி தொலைவினாலும் வழியிலுள்ள கருவிகளாலும் ஏற்படுவது. இணைப்பை அகலமாக்குவதால் அது குறைவதில்லை.

2006இல் விண்டோஸ் விஸ்டாவுடன் அறிமுகமான எஸ்எம்பி இரண்டாம் பதிப்பு இக்குறையை நேரடியாக எதிர்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டிருந்த கட்டளைகளும் துணைக்கட்டளைகளும் 19 ஆகக் குறைக்கப்பட்டன. மறுமொழிக்குக் காத்திராமல் பல கட்டளைகளை அடுத்தடுத்து அனுப்பவும், பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டி அனுப்பவும் வழி செய்யப்பட்டது. துண்டின் அளவும் கூடியது. சம்பா மென்பொருளின் 3.6ஆம் பதிப்பு (2011) இதற்கு முழுமையான ஆதரவை வழங்கியது.

டிசிபி அடுக்கிலும் காத்திருப்பு உண்டு. சிறு துண்டுகளைச் சேர்த்து அனுப்புவதற்காக ஜான் நேகிள் 1984இல் முன்மொழிந்த வழிமுறை, முந்தைய பொதிக்கு ஒப்புகை வரும்வரை அடுத்த சிறு பொதியை நிறுத்திவைக்கும். பெறும் கணினியோ, ஒப்புகைகளைக் குறைப்பதற்காக, அதனை விண்டோசில் ஏறத்தாழ 200 மில்லிநொடி வரை தள்ளிப்போடும். தனித்தனியே நல்ல இவ்விரண்டும் சேரும்போது இரு முனைகளும் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கின்றன. சம்பா தன் இணைப்புகளில் நேகிள் வழிமுறையை இயல்பாகவே நிறுத்திவைக்கிறது.

எண்ணற்ற சிறு கோப்புகள்

ஒரு கோப்பைத் திறத்தல், பண்புகளைக் கேட்டல், எழுதுதல், நேரமுத்திரை இடல், மூடுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மறுமொழி தேவை. ஒரு கோப்புக்குப் பத்துமுறை போய்வர வேண்டும் எனக் கொள்வோம். 10 கிலோபைட்டு அளவுள்ள 10,000 கோப்புகளை நகலெடுக்க, போய்வரும் நேரம் 0.5 மில்லிநொடியாயின் காத்திருப்புக்கு மட்டும் 50 நொடிகள் ஆகும். 20 மில்லிநொடியாயின் 33 நிமிடங்கள் ஆகும். அதே 100 மெகாபைட்டு ஒரே கோப்பாக இருந்தால் கிகாபிட்டு இணைப்பில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

இதற்குரிய தீர்வுகள் இரண்டு. சிறு கோப்புகளை ஒரே காப்பகக் கோப்பாகக் கட்டி அனுப்பி, மறுமுனையிலேயே பிரித்தல் ஒன்று. பல கோப்புகளை ஒரே வேளையில் அனுப்புதல் மற்றொன்று. விண்டோஸ் 7 முதல் ரோபோகாப்பி கருவியில் இவ்வசதி உள்ளது. அதனை இயக்கினால் இயல்பாக எட்டு இழைகள் இணையாக நகலெடுக்கின்றன. மாற்றமடைந்த பகுதிகளை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் (1996) கருவி, திரும்பத்திரும்ப நிகழும் காப்புநகல் பணிகளுக்கு ஏற்றது. இக்கருவியின் ஆசிரியர்களுள் ஒருவரும் டிரிட்ஜெல் ஆவார்.

வட்டு

சுழலும் வன்தட்டு தொடர்ச்சியான பெரிய கோப்பை நொடிக்கு 100 முதல் 200 மெகாபைட்டு வரை எழுத வல்லது. ஆனால் எழுதுமுனை இடம் மாறும்தோறும் நேரம் வீணாகிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டில், வேண்டிய இடம் சுழன்று வருவதற்கு மட்டும் சராசரியாக 4.2 மில்லிநொடி ஆகும். இருவர் ஒரே வேளையில் ஒரே வட்டுக்கு நகலெடுத்தால் ஒவ்வொருவருக்கும் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பது இதனாலேயே.

வட்டுகளைச் சேர்த்து அமைக்கும் ரெய்டு 5 முறையில், ஒரு சிறு மாற்றத்துக்குப் பழைய தரவையும் பழைய சரிபார்ப்புத் தரவையும் படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். அதாவது ஓர் எழுத்துக்கு நான்கு வட்டுச் செயல்கள். விலை குறைந்த திண்மநிலை வட்டுகள் முதலில் ஒரு விரைவான பகுதியில் எழுதுகின்றன. அது நிரம்பியதும் வேகம் வெகுவாக இறங்குகிறது.

செயலியும் பாதுகாப்பு மென்பொருளும்

கையொப்பமிடல், மறைகுறியாக்கம் ஆகியவை செயலியின் உழைப்பைக் கோருபவை. இவற்றை விரைவாகச் செய்யும் வசதியற்ற சிறிய சேமிப்புப் பெட்டிகளில் வேகம் குறிப்பிடத்தக்க அளவு குறையும். நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் இரு முனைகளிலும் இயங்கினால் ஒவ்வொரு கோப்பும் இருமுறை சோதிக்கப்படுகிறது.

பூட்டுகள்

ஒரு கோப்பை ஒருவர் மட்டும் திறந்திருந்தால், அதன் பகுதிகளைத் தன் கணினியிலேயே வைத்துக்கொள்ள வழங்கி இசைவு அளிக்கிறது. ஓப்லாக் எனப்படும் இவ்வசதி, இரண்டாமவர் அதே கோப்பைத் திறந்து எழுத முற்படும்போது விலக்கிக்கொள்ளப்படுகிறது. அதன்பின் ஒவ்வொரு படிப்பும் எழுத்தும் வலையமைப்பைக் கடக்க வேண்டும். பகிர்வு வட்டில் வைக்கப்பட்ட தரவுத்தளக் கோப்பு, ஒருவர் பயன்படுத்தும்போது விரைவாகவும் இருவர் பயன்படுத்தும்போது மிக மெதுவாகவும் இயங்குவதன் காரணம் இதுவே.

விண்டோஸ் விஸ்டா நிகழ்வுகள்

2007இல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் கோப்பு நகலெடுப்பது மெதுவாக உள்ளது என்ற முறையீடு பரவலாக எழுந்தது. இதற்கான விளக்கத்தை மைக்ரோசாப்ட் பொறியாளர் மார்க் ரசினோவிச் 2008இல் எழுதினார். விண்டோஸ் எக்ஸ்பி தரவை நினைவகத்தில் இட்டவுடனேயே நகலெடுத்து முடிந்ததாகக் காட்டிச் சாளரத்தை மூடிவிடும். வட்டில் எழுதுவது பின்னணியில் தொடரும். விஸ்டாவின் முதல் வெளியீடு பெரும்பாலும் இடைத்தேக்க நினைவகத்தைத் தவிர்த்ததால், தரவு உண்மையில் எழுதப்படும்வரை சாளரம் காத்திருந்தது. சில சூழல்களில் அது உண்மையிலேயே மெதுவாகவும் இருந்தது. 2008இல் வந்த முதல் சேவைத் தொகுப்பு பெரும்பாலும் பழைய முறைக்கே திரும்பியது.

விஸ்டாவில் மற்றொரு விந்தையும் இருந்தது. பாட்டு இசைத்துக்கொண்டிருக்கும்போது வலையமைப்பு வேகம் வீழ்ந்தது. ஒலி தடைபடாதிருக்க, இசை இயங்கும் வேளையில் மில்லிநொடிக்குப் பத்துப் பொதிகளை மட்டுமே ஏற்கும்படி இயங்குதளம் அமைக்கப்பட்டிருந்தது. 1,500 பைட்டு பொதிகளைக் கொண்டு கணக்கிட்டால் இது நொடிக்கு 15 மெகாபைட்டு ஆகும். 100 மெகாபிட்டு இணைப்பு 12.5 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது என்பதால் அதில் இவ்வரம்பு வெளிப்படவில்லை. கிகாபிட்டு இணைப்பில் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. வடத்தையும் வட்டையும் மாற்றிப் பார்த்தவர்களுக்கு இக்காரணம் கிடைத்திருக்க வழியில்லை.

காரணத்தைக் கண்டறியும் முறை

1. சிக்கலை வரையறுத்தல். எல்லாக் கணினிகளிலுமா ஒன்றில் மட்டுமா, அனுப்பும்போதா பெறும்போதா, பெரிய கோப்பிலா சிறு கோப்புகளிலா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பகிர்வு வட்டைத் திறக்கவே நேரம் ஆகிறது எனில் அது பெரும்பாலும் பெயர் கண்டறிதலில் உள்ள சிக்கல். நகலெடுக்கும் வேகத்துடன் அதனைக் குழப்பலாகாது.

2. இணைப்பு வேகத்தைப் பார்த்தல். வலையமைப்பு அட்டை காட்டும் வேகமும் இருவழி நிலையும் இரு முனைகளிலும் எதிர்பார்த்தபடி உள்ளனவா எனக் காண வேண்டும். பழுதான பொதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் வடத்தை மாற்ற வேண்டும்.

3. தாமதத்தையும் பொதி இழப்பையும் அளத்தல். பிங் கட்டளை இதற்குப் போதுமானது. வடத்தால் இணைந்த உள் வலையமைப்பில் போய்வரும் நேரம் ஒரு மில்லிநொடிக்குள் இருக்கும். நகலெடுக்கும் வேளையிலும் ஒருமுறை அளந்து பார்த்தல் நன்று.

4. வலையமைப்பை மட்டும் அளத்தல். ஐபெர்ஃப் கருவி ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து மற்றதன் நினைவகத்துக்குத் தரவை அனுப்புகிறது. வட்டும் கோப்பு நெறிமுறையும் இதில் இடம்பெறுவதில்லை. கிகாபிட்டு இணைப்பில் 940 மெகாபிட்டு அளவில் கிடைத்தால் வலையமைப்பு நலம். 94 மெகாபிட்டு கிடைத்தால் எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியுள்ளது.

5. வட்டை மட்டும் அளத்தல். வழங்கியிலேயே ஒரு பெரிய கோப்பை எழுதிப் பார்க்க வேண்டும். கோப்பு வழங்கியின் நினைவகத்தைவிடப் பெரியதாக இருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் அளக்கப்படுவது நினைவகத்தின் வேகமாகவே இருக்கும்.

6. செயலியைக் கவனித்தல். நான்கு கருக்கள் கொண்ட செயலியில் ஒரு கரு முழுமையாக உழைத்தாலும் மொத்தப் பயன்பாடு 25 விழுக்காடு என்றே தெரியும். எனவே ஒவ்வொரு கருவையும் தனியே பார்க்க வேண்டும்.

7. நெறிமுறையைச் சோதித்தல். மேற்கண்ட அனைத்தும் நலமாயிருந்தும் பகிர்வு மட்டும் மெதுவாயின், எந்த எஸ்எம்பி பதிப்பு பயன்படுகிறது என அறிந்து, ஒரு பெரிய கோப்பையும் அதே அளவுள்ள பல சிறு கோப்புகளையும் தனித்தனியே அனுப்பி ஒப்பிட வேண்டும். வயர்சார்க் கருவியால் பொதிகளைப் பதிவு செய்து பார்த்தால், எந்த முனை எதற்காகக் காத்திருக்கிறது என்பது தெரியவரும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து மீண்டும் அளக்க வேண்டும். பயன் தராத மாற்றத்தைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட வேண்டும்.

அறிகுறிகள்

- நொடிக்கு 11 மெகாபைட்டில் அசையாமல் நிற்றல்: 100 மெகாபிட்டு இணைப்பு.
- தொடக்கத்தில் விரைவு, சில நொடிகளில் வீழ்ச்சி: இடைத்தேக்க நினைவகம் நிரம்பியது, மெதுவானது வட்டு.
- ஒரு திசையில் மட்டும் மெதுவு: இருவழி முரண்பாடு, அல்லது ஒரு முனை வட்டின் எழுதும் வேகம்.
- பட்டியல் தெரிந்தும் கோப்பு நகராமை: பெரும் பொதி முரண்பாடு.
- பெரிய கோப்பில் விரைவு, சிறு கோப்புகளில் மெதுவு: தாமதம் அல்லது நச்சுநிரல் சோதனை.
- இரவில் விரைவு, பகலில் மெதுவு: பலர் பகிரும் இணைப்பு அல்லது வட்டு.

வேகமும் பாதுகாப்பும்

வேகத்தைக் கூட்டப் பரிந்துரைக்கப்படும் சில மாற்றங்கள், உண்மையில் ஒரு பாதுகாப்பை நீக்கிப் பெறப்படுபவை.

எஸ்எம்பி கையொப்பத்தை நிறுத்தினால் பழைய கருவிகளில் வேகம் கூடக்கூடும். ஆனால் இடையில் ஒருவர் புகுந்து தரவை மாற்றுவதைத் தடுப்பது அக்கையொப்பமே. 2024இல் வெளியான விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், நிறுவனங்களுக்கான வகைகளில் கையொப்பம் இயல்பாகவே கட்டாயமாக்கப்பட்டது.

பழைய சேமிப்புப் பெட்டி தெரியவில்லை என்பதற்காக எஸ்எம்பி முதல் பதிப்பை மீண்டும் இயக்குவது இன்னும் ஆபத்தானது. 2017 மே 12இல் பரவத் தொடங்கிய வான்னாகிரை பணயத் தீநிரல், அப்பதிப்பிலிருந்த ஒரு வழுவைப் பயன்படுத்தியே கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது. பிரித்தானியத் தேசிய நலச் சேவையின் மருத்துவமனைகளும் பாதிக்கப்பட்டன. அவ்வழுவுக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. 2017இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், முதல் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை.

என்எஃப்எஸ் பகிர்வில் ஒத்திசைவற்ற எழுத்தை இயக்கினால் வேகம் பன்மடங்கு கூடலாம். வட்டில் எழுதும் முன்னரே எழுதியதாக வழங்கி மறுமொழி அளிப்பதே இதன் காரணம். அவ்வேளையில் வழங்கிக்கு மின்சாரம் நின்றால், சேமிக்கப்பட்டதாகப் பயனர் நம்பும் தரவு இழக்கப்படும். எந்தப் பிழைச் செய்தியும் தோன்றாது. 1995இல் வரையறுக்கப்பட்ட என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பு இதற்கு ஓர் இடைவழியைத் தந்தது: தரவைக் காத்திராமல் அனுப்பலாம், இறுதியில் ஓர் உறுதிக் கட்டளை மூலம் அனைத்தும் வட்டை அடைந்ததா எனக் கேட்டறியலாம். மின்கலக் காப்பு இல்லாத வட்டுக் கட்டுப்படுத்தியில் எழுதும் இடைத்தேக்கத்தை இயக்குவதிலும் இதே ஆபத்து உண்டு.

பழைய வழிகாட்டிகளில் காணப்படும் அமைப்புகள் சில இன்று எதிர்விளைவையே தருகின்றன. சம்பாவில் டிசிபி இடையக அளவை 8,192 பைட்டு எனக் கைமுறையாகக் குறிப்பது அவற்றுள் ஒன்று. லினக்சு அவ்வளவைத் தானாகவே தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும். கைமுறையாகக் குறித்தால் அவ்வசதி நின்று வேகம் குறையும்.

இவற்றையும் பார்க்க

- கணினி வலையமைப்பு
- ஈதர்நெட்
- சம்பா (மென்பொருள்)
- நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்
- ரெய்டு
- காப்புநகல்